பழைய லேப்டாப் வாங்கும்போது ஐ5, ஐ7 என்ற பேரை விடுங்கள். பின்னால் இருக்கும் நம்பரைப் படியுங்கள்

போன ஜூன் மாதம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் தக்கலையில் நான் பாடம் எடுக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார்கள். அவருக்கு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. மகளுக்கு பி.சி.ஏ. சீட் கிடைத்திருந்தது. நாகர்கோவிலில் ஒரு கடையில் ஏற்கெனவே விசாரித்துவிட்டு, துண்டுச்சீட்டில் இரண்டு வரி எழுதி வாங்கி வந்திருந்தார்கள். ஒன்று: ஐ7, 2.6, 8 ஜிபி, 16,500 ரூபாய். இன்னொன்று: ஐ5, 1.6, 8 ஜிபி, 18,000 ரூபாய்.

"டீச்சர், ஐ7 கொறஞ்ச வெலைக்குக் கெடைக்குது. ஸ்பீடும் 2.6 இருக்கு. எடுத்திரட்டா?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் தவறே இல்லை. ஏழு ஐந்தைவிடப் பெரிது, 2.6 என்பது 1.6-ஐவிடப் பெரிது, விலையும் 1,500 ரூபாய் குறைவு. ஆனால் அந்த ஐ5, அந்த ஐ7-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்யும். இது எப்படி என்பதை அன்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதையே இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன். முதல்முறை பழைய லேப்டாப் வாங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுவதால், கொஞ்சம் தெரிந்தவர்கள் முதல் இரண்டு படிகளைத் தாண்டிப் போகலாம்.

முதல் படி: முழு நம்பரைக் கேட்டு வாங்குங்கள்

"ஐ5 லேப்டாப்" என்று ஒரு பொருள் கிடையாது. ஐ5 என்பது லேப்டாப்பின் மூளையான ப்ராசஸர் சிப்புக்கு இன்டெல் கம்பெனி வைக்கும் பேர். 2010-லும் ஐ5 வந்தது, 2020-லும் ஐ5 வந்தது. ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்துச் சரக்குக்குள் எது சின்னது, எது பெரியது என்று மட்டும்தான் சொல்லும். உண்மையான பேர் அதற்குப் பின்னால் வருகிற நம்பரும் எழுத்தும்: ஐ7-5600யூ, ஐ5-8250யூ என்பதுபோல.

கடைக்காரரிடம் போனிலேயே கேட்கலாம். "அண்ணே, ப்ராசஸர் முழு நம்பர் என்ன?" என்றால் போதும். சொல்லத் தெரியாவிட்டால் லேப்டாப்பை ஆன் செய்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்த ஒரு படத்தில் வலது மேல்மூலையில் முழுப் பெயர், கீழே எத்தனை கோர் (ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி), எத்தனை லாஜிக்கல் ப்ராசஸர் (ஒரே நேரத்தில் எடுத்துச் செய்யும் வேலைகளின் எண்ணிக்கை), பேஸ் ஸ்பீடு (நிலையான வேகம்) எவ்வளவு என்று எல்லாமே இருக்கும். கைவைக்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். மேல்மூடி மாற்றிய லேப்டாப்பில் வேறு மெஷினின் ஸ்டிக்கர் அப்படியே இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் அங்கே உட்கார்ந்தபடியே கடைக்கு போன் போட்டாள். ஐந்து நிமிடத்தில் இரண்டு படமும் வந்தன. ஐ7 என்றது 5600யூ. ஐ5 என்றது 8250யூ.

இரண்டாம் படி: எத்தனையாவது தலைமுறை?

இன்டெல் நம்பரில் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை. 5600 என்றால் ஐந்தாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக 10210 என்று இருந்தால் பத்தாவது.

இங்கே ஒரு வழுக்கல் உண்டு. பத்தாம் தலைமுறையிலேயே 1035ஜி1 என்று ஒரு வகை இருக்கிறது. பதினொன்றில் 1135ஜி7, பன்னிரண்டில் 1235யூ. இவற்றில் முதல் இலக்கம் 1 என்பதால் முதல் தலைமுறை என்று நினைத்துவிடக் கூடாது. 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உண்மையான முதல் தலைமுறைக்கு மூன்றே இலக்கம்தான், ஐ5-520எம் மாதிரி. அதை இப்போது யாரும் காசு கொடுத்து வாங்க வேண்டாம்.

வருடக் கணக்கு தோராயமாக இப்படி: இரண்டாம் தலைமுறை 2011, மூன்று 2012, நான்கு 2013, ஐந்தும் ஆறும் 2015, ஏழு 2016, எட்டு 2017, பத்து 2019, பதினொன்று 2020. கடையில் "ரெண்டு வருஷம்தான் ஆகுது" என்று சொன்னால் இந்தக் கணக்கை வைத்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: கடைசி எழுத்து

யூ என்றால் மின்சாரம் சிக்கனம். பெரும்பாலும் 15 வாட். அலுவலக லேப்டாப்களில் மிக அதிகமாக இருப்பது இதுதான். ஒய் என்றால் இன்னும் சிக்கனம், 4.5 வாட் அளவில், ஃபேன் இல்லாத மெல்லிய லேப்டாப்களுக்காகச் செய்தது. வேகம் குறைவு. எம் என்பது பழைய முழு வேக வகை, 35 வாட் சுற்றி. எம்க்யூ, எச்க்யூ என்றால் நான்கு கோர், 45 வாட்டுக்குப் பக்கம். எச் என்றால் கேமிங், எடிட்டிங் லேப்டாப்களில் வருகிற 45 வாட் வகை.

ஒரே பெயரில் எழுத்து மட்டும் மாறினாலே வித்தியாசம் பெரிது. ஐ5-4300எம் 37 வாட்டில் 2.6-இலிருந்து 3.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். ஐ5-4300யூ 15 வாட்டில் 1.9-இலிருந்து 2.9 வரைதான். இரண்டும் ஐ5, இரண்டும் 4300. ஆனால் யூ போட்டதில் பேட்டரி நிற்கும், மடியில் சூடு தெரியாது.

எம்க்யூ பற்றி ஒரு வார்த்தை. 2014-இல் வந்த ஐ7-4710எம்க்யூ நான்கு கோர் கொண்டது. மொத்த வேகத்தில் அது இன்றைக்கும் 2017-இன் ஐ5-8250யூவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வீட்டில் மேசைமேல் எப்போதும் சார்ஜரில் வைத்து, விலை மிகக் குறைவாகக் கிடைத்து, விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் போட்டு ஓட்டத் தயார் என்றால் அது மோசமான தேர்வு அல்ல. கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் தூக்கிப்போகும் பிள்ளைக்கு அது ஆகாது. எடை, சூடு, பேட்டரி மூன்றிலும் அடிவாங்கும்.

நான்காம் படி: 2.6 பெரிதா, 1.6 பெரிதா?

அந்த அப்பா குழம்பிய இடம் இதுதான். பலரும் குழம்புகிற இடமும் இதுதான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு கோர் எவ்வளவு வேகமாகத் துடிக்கிறது என்பதன் கணக்கு. அந்த ஐ7-5600யூவில் இருப்பது இரண்டே கோர். 15 வாட் மின்சாரத்தை இரண்டு கோர் பங்குபோட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் 2.6-இல் நிலையாக ஓடலாம், தேவைப்பட்டால் 3.2 வரை ஏறலாம். ஐ5-8250யூவிலும் அதே 15 வாட்தான். ஆனால் அதைப் பங்குபோட நான்கு கோர். அதனால்தான் நிலையான வேகம் 1.6 என்று போட்டிருக்கிறார்கள். நான்கு கோரும் ஒன்றாக முழு மூச்சில் ஓடினாலும் இதற்குக் கீழே போகாது என்பது அதன் அர்த்தம். ஒரு கோருக்கு மட்டும் வேலை வந்தால் அது 3.4 வரை ஏறிவிடும். அதாவது அந்த ஐ7-இன் உச்சத்தையும் தாண்டிவிடும்.

கல்யாணப் பந்தியில் இரண்டு பேர் ஓடி ஓடி விளம்புவதையும், நான்கு பேர் சாதாரணமாக நடந்து விளம்புவதையும் நினைத்துப் பாருங்கள் என்று அவரிடம் சொன்னேன். ஓடுகிறவர் வேகமாகத்தான் போகிறார். ஆனால் யார் பந்தியில் முதலில் பப்படம் வந்து சேருகிறது? அவர் சட்டென்று, "நாலு பேரு நிக்கிற பந்தியிலதான்" என்றார்.

இன்டெல்லின் யூ வகையில் இரண்டு கோர் நான்கு கோராக மாறியது 2017-இல், எட்டாம் தலைமுறை ஐ5, ஐ7-இல்தான். ஏழாம் தலைமுறை ஐ7-7500யூ வரை எல்லாமே இரண்டு கோர். எனவே பழைய யூ வகை லேப்டாப்பில் "ஐ7" என்ற பேருக்காகக் கூடுதல் பணம் கொடுத்தால் கையில் வருவது கொஞ்சம் கூடுதல் கிகாஹெர்ட்ஸும் கொஞ்சம் கூடுதல் கேஷும் (ப்ராசஸருக்குள் இருக்கும் சிறு நினைவகம்) மட்டும்தான். நம்மால் வாங்க முடிகிற விலைக்குள் வேகத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய படிக்கட்டு, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்கிறது.

எட்டில் இருப்பதெல்லாம் நான்கு கோர் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐ3-8130யூ இரண்டு கோர். ஐ5-8200ஒய் இரண்டு கோர். பத்தாம் தலைமுறை ஐ3-1005ஜி1 இரண்டு கோர். டாஸ்க் மேனேஜரில் "கோர்ஸ்" என்ற வரியைக் கண்ணால் பார்ப்பதுதான் உறுதி. அங்கே 4 என்றும், லாஜிக்கல் ப்ராசஸர்ஸ் 8 என்றும் இருந்தால் நிம்மதி.

ஐந்தாம் படி: மதிப்பெண்ணையும் விலையையும் சேர்த்துப் பாருங்கள்

பாஸ்மார்க் என்று ஒரு சோதனை இருக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த முடிவுகளின் சராசரியை ப்ராசஸர் பெயர்வாரியாகப் போட்டிருப்பார்கள். முழு நம்பரைத் தேடினால் ஒரு மதிப்பெண் வரும். சராசரி என்பதால் மாதத்துக்கு மாதம் கொஞ்சம் ஏறி இறங்கும். நூறு இருநூறு வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஒன்று மற்றதைப்போல ஒன்றரை மடங்கா, இரண்டு மடங்கா என்று பார்த்தால் போதும்.

தோராயமாக நான் மனதில் வைத்திருக்கும் கணக்கு இது: 2012-இன் ஐ5-3320எம் 2,600-ஐ ஒட்டி. ஐ7-5600யூ 3,000 சுற்றி. ஐ5-7200யூ 3,400 சுற்றி. ஐ5-8250யூ 6,000-ஐ ஒட்டி. இன்டெல்லின் போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் ரைசன் 5 3500யூ 7,000 பக்கம். ஐ5-1135ஜி7 போனால் 9,500-ஐத் தொடும்.

இப்போது துண்டுச்சீட்டுக்கு வாருங்கள். 16,500 ரூபாயை 3,000-ஆல் வகுத்தால் ஒரு மதிப்பெண்ணுக்கு ஐந்தரை ரூபாய். 18,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் மூன்று ரூபாய். அந்தப் பெண்ணே போனில் வகுத்துப் பார்த்து அப்பாவிடம் காட்டினாள். அவர் திரையையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பம் இந்த ஐ7-க்கு எதுக்கு இவ்வளவு கேக்குதான்?" என்றார். பேருக்குத்தான் கேட்கிறார்கள் என்று சொன்னேன்.

வகுக்கும் முன்னால் லேப்டாப்பை ஓடும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எஸ்எஸ்டி (வேகமான புதுவகைச் சேமிப்பு) இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதை மாற்றும் செலவு, ராம் (வேலை நினைவகம்) 4 ஜிபி மட்டும் என்றால் கூட்டும் செலவு, பேட்டரி போயிருந்தால் அதன் செலவு. 11,000 ரூபாய் என்று சொல்லப்படும் லேப்டாப் இப்படிக் கூட்டிக் கூட்டி 17,000-இல் வந்து நிற்பது சாதாரணமாக நடக்கிறது.

இந்த மொத்த மதிப்பெண் எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது வருவது. அதே பக்கத்தில் சிங்கிள் த்ரெட் (ஒரே கோரின் வேகம்) என்று இன்னொரு எண் இருக்கும். டைப் அடிப்பது, பிரௌசர் திறப்பது, டாலியில் கணக்குப் போடுவது போன்ற வேலைகளில் கைக்குத் தெரிகிற சுறுசுறுப்பு அந்த எண்ணில்தான் இருக்கிறது. அதில் பழையதுக்கும் புதியதுக்கும் இவ்வளவு இடைவெளி கிடையாது. அதனால்தான் எஸ்எஸ்டி போட்ட ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் கடிதம் அடிக்கிறவருக்குக் குறையே தெரிவதில்லை. வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, பத்துப் பதினைந்து டேப்களோடு ஆன்லைன் வகுப்பு என்று வரும்போதுதான் மொத்த மதிப்பெண் பேசும்.

ஆறாம் படி: விண்டோஸும் வீடியோவும்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2026 அக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் பட்டியல், ஓரிரு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. ஏஎம்டியில் ரைசன் 5 3500யூ பட்டியலில் உண்டு. அதற்கு முந்தைய 2500யூ கிடையாது, அதுவும் நான்கு கோர்தான் என்றாலும்.

ஏழாம் தலைமுறை லேப்டாப்பிலும் விண்டோஸ் 11 போட்டுக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. ஓடவும் செய்யும். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஏற்காத வழியில் போட்டது என்பதால், பெரிய புதுப்பிப்பு ஒவ்வொன்றுக்கும் மறுபடி கடைக்குப் போக வேண்டி வரலாம். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவர் இல்லாத குடும்பத்துக்கு இதை நான் சொல்வதே இல்லை. அதே லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டால் பிரௌசர், தமிழ்த் தட்டச்சு, லிப்ரே ஆஃபிஸ் எல்லாம் பிரச்சினையில்லாமல் ஓடும். புதுப்பிப்பும் தொடர்ந்து வரும். டாலி, போட்டோஷாப் வேண்டும் என்றால் மட்டும் அது சரிவராது.

வீடியோ விஷயம் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற முறையில் வீடியோவை அனுப்புகிறது. அதைத் தனியாகப் பிரித்துக் காட்டும் உறுப்பு இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் முழுமையாக இருக்கிறது. அதற்கு முந்தையவற்றில் அந்த வேலையை ப்ராசஸரே சுமக்கும். ஃபேன் கத்தும், பேட்டரி வேகமாக இறங்கும். ஆன்லைன் வகுப்புக்காக வாங்குகிறவர்கள் ஆறுக்கும் ஏழுக்கும் விலை வித்தியாசம் சின்னது என்றால் ஏழாம் தலைமுறையையே எடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இன்னும் புதிய ஏவி1 முறைக்கு அப்படிப்பட்ட உறுப்பு பதினொன்றாம் தலைமுறையில்தான் வந்தது.

ஏஎம்டியும் செலரானும்

ஏஎம்டியில் ரைசன் என்று பேர் இல்லாத பழையவை, அதாவது ஏ4, ஏ6, ஏ9, ஈ1, ஈ2, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ரைசன் என்றால் தைரியமாகப் பார்க்கலாம். 3500யூ நான்கு கோர், 5500யூ ஆறு கோர். ரைசனில் முதல் இலக்கத்தைத் தலைமுறையாக எடுத்துக்கொள்வது எப்போதும் சரியாக வராது. 5500யூ பழைய ஜென் 2 வடிவமைப்பு, 5600யூ அதைவிடப் புதிய ஜென் 3. இரண்டுமே நல்லவை, ஆனால் ஒரே விலைக்குக் கிடைத்தால் 5600யூ. 7520யூ என்று பெரிய நம்பரோடு வருவதும் பழைய ஜென் 2 தான், நான்கு கோர்.

புதுப்பெட்டியில் வரும் விலை குறைந்த லேப்டாப்களில் இன்டெல்லின் மலிவு வகையான செலரான் என்4020 இருந்தால் நிதானியுங்கள். இரண்டு கோர், 6 வாட். பாஸ்மார்க் கணக்கில் 1,500 சுற்றித்தான். 2012-இன் ஐ5-3320எம்கூட அதைத் தாண்டிவிடுகிறது. "புதுசுதானே நல்லது" என்று வாங்கி, ஜூம் வகுப்பும் பிடிஎஃபும் ஒன்றாகத் திறக்க முடியாமல் தவித்த பிள்ளைகள் எங்கள் சென்டருக்கு வந்திருக்கிறார்கள். இதே சின்ன வகையில் 2023-இல் வந்த என்100 வேறு கதை. நான்கு கோர், அதே 6 வாட், ஆனால் மதிப்பெண் 5,000-ஐத் தாண்டி 8250யூவுக்குப் பக்கத்தில் வருகிறது. பேர் ஒரே மாதிரி சின்னதாக இருந்தாலும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டாம்.

அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் கிடக்கிறதா? அந்தத் திட்டம் 2011-இல் தொடங்கியது. வருடத்துக்கு வருடம் உள்ளே இருந்த ப்ராசஸர் வேறு. புதிது வாங்க ஓடும் முன் அதை ஒருமுறை ஆன் செய்து நம்பரைப் பாருங்கள். என் சித்தி வீட்டு அலமாரியில் ஐந்து வருடம் துணிக்கடியில் கிடந்த ஒன்றில் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றிக்கொடுத்தோம். சித்தப்பா அதில்தான் இப்போது செய்தித்தாள் படிக்கிறார், கரண்ட் பில் கட்டுகிறார்.

ஏழாம் படி: கடையில் உட்கார்ந்து இருபது நிமிடம்

மறுநாள் அவர்களோடு நானும் நாகர்கோவில் போனேன். மணிமேடைப் பக்கம் மாடியில் இருக்கும் சின்னக் கடை. கையோடு ஒரு பென்டிரைவில் செவன்-ஜிப் கொண்டுபோயிருந்தேன். அது ஃபைல்களைச் சுருக்கும் இலவச மென்பொருள். அதன் டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தட்டினால் எல்லாக் கோரும் முழு வேலையில் இறங்கிவிடும். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து ஸ்பீடு என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

எட்டாம் தலைமுறை லேப்டாப்பில் அதை ஓட விட்டோம். முதலில் 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டி ஏறியது. அரை நிமிடம் ஆனதும் ஃபேன் சத்தம் கூடி, வேகம் இறங்கி 2.3, 2.4 என்று நின்றது. "கொறையுதே டீச்சர்" என்றாள் அந்தப் பெண். அது கோளாறு அல்ல. சுமார் 28 விநாடி வரை 15 வாட்டைத் தாண்டி ஓடலாம் என்றும், பிறகு 15 வாட்டுக்குள் திரும்ப வேண்டும் என்றும்தான் இந்த வகையைச் செய்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பத்து நிமிடத்துக்குப் பிறகும் அது பேஸ் ஸ்பீடான 1.6-க்கு மேலேயே நிற்கிறதா என்பதை. அதற்கும் கீழே போய் 1.1, 0.9 என்று தவழ்ந்தால் உள்ளே சூடு வெளியேறவில்லை. ஃபேனில் தூசி அடைத்திருக்கலாம், ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சுத்தம் செய்து தரச் சொல்லி மறுபடி சோதித்து வாங்கலாம்.

ஓட்டத் தொடங்கியதிலிருந்தே 0.4, 0.8 என்று அசையாமல் நின்றால் சார்ஜரைப் பாருங்கள். சில லேப்டாப்கள் தங்கள் கம்பெனி சார்ஜர் என்று அடையாளம் தெரியாவிட்டால் வேகத்தைத் தாமாகவே கட்டிப்போட்டுவிடும். சரியான சார்ஜர் போட்டதும் ஓடும்.

அப்புறம் யூடியூபில் 1080 தரத்தில் ஏதாவது ஒரு வீடியோ போட்டு, படத்தின்மேல் வலது கிளிக் செய்து ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் தட்டுங்கள். ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வரும். அதில் டிராப்டு ஃபிரேம்ஸ் (காட்டாமல் விட்டுப்போன படங்கள்) என்ற எண் ஏறிக்கொண்டே போகாமல் இருக்க வேண்டும். அன்று எங்களுக்கு இரண்டு நிமிடத்தில் பூஜ்ஜியம்.

சார்ஜரைக் கழற்றிவிட்டும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பேட்டரி தளர்ந்த லேப்டாப் முழு வேலை கொடுத்ததும் சட்டென்று அணைந்துவிடும். கடைசியாக ரீஸ்டார்ட் செய்து பயாஸ் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புகள்) பக்கத்துக்குள் போய்ப் பாருங்கள். பழைய லேப்டாப்களில் பெரும்பங்கு, பெரிய ஊர் அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்தவை. அந்த அலுவலகம் போட்ட பாஸ்வேர்டு பயாஸில் அப்படியே இருந்தால், ப்ராசஸர் எவ்வளவு நல்லதானாலும் வாங்க வேண்டாம்.

நம்ம ஊர் காற்று

இதை வேறு ஊர்க்காரர்கள் எழுதியதில் நீங்கள் படிக்க முடியாது. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று லேப்டாப்புக்குள்ளும் போகிறது. யூஎஸ்பி துளைக்குள் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். பித்தளைப் பாத்திரத்தில் பிடிக்கிற மாதிரி பச்சைக் களிம்பு தெரிந்தாலோ, அடிப்பக்க ஸ்க்ரூக்கள் துருவேறியிருந்தாலோ, உள்ளே போர்டும் அப்படித்தான் இருக்கும். போர்டு போனால் ப்ராசஸரும் போனது மாதிரிதான். யூ வகை எல்லாம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தவை, தனியாக மாற்ற முடியாது. தென்மேற்கும் வடகிழக்கும் என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு. அந்த மாதங்களில் லேப்டாப்பை வாரக்கணக்கில் மூடி வைக்காமல், தினமும் கொஞ்ச நேரமாவது ஓட்டுங்கள். உள்சூட்டில் ஈரம் காயும்.

யாருக்கு எது?

டைப்பிங், மின்னஞ்சல், ஆன்லைன் விண்ணப்பம், சின்னக் கடைக் கணக்கு மட்டும் என்றால் ஆறு, ஏழாம் தலைமுறை ஐ5 யூ, 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. லினக்ஸ் பழகத் தயார் என்றால்தான். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் எட்டுக்குக் கீழே வர வேண்டாம். பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படிக்கும் பிள்ளைகளுக்கு நான்கு கோர் எட்டாம் தலைமுறை ஐ5-தான் தொடக்கம். மூன்று வருடம் ஓட வேண்டும் இல்லையா? பணம் கூடுதலாக இருந்தால் ஐ7-8550யூவுக்குப் போகாமல் அந்தப் பணத்தில் ராமை 16 ஜிபி ஆக்குங்கள். கல்யாண ஆல்பம் செய்கிறவர்கள், வீடியோ வெட்டுகிறவர்கள் ஐ5-8300எச் மாதிரி எச் வகையோ ரைசன் 5500யூவோ பார்க்கலாம். ராமை இரண்டு ஸ்டிக்காகப் போட்டால் ப்ராசஸருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸும் நன்றாக வேலை செய்யும். ராம் போர்டிலேயே ஒட்டியிருந்தால் பின்னால் கூட்ட முடியாது, அதையும் கேட்டுவிடுங்கள்.

பில் எழுதும்போது கடைக்காரர் "ஐ5 லேப்டாப், 1" என்று எழுதப் போனார். "முழு நம்பரும் எழுதிருங்கண்ணே" என்று அந்தப் பெண்ணே கேட்டாள். அவர் மறுபேச்சில்லாமல் எழுதினார்: ஐ5-8250யூ, 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி, சீரியல் நம்பர், மூன்று மாத வாரண்டி. விலை 17,500. பேரம் பேசியது அப்பா.